உச்சிக்குழியில் ஒரு கை: அழும் குழந்தையும் ஆற்றும் மரபுகளும்

பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலார்க்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவதற்கும், கைகொட்டுவதற்கும், நிலவை அழைப்பதற்கும் இலக்கணம் வகுத்த நம் புலவர்கள் அழுகைக்கென ஒரு பருவத்தை வகுக்கவில்லை. பாட்டுடைத் தலைவர் கடவுளாகவோ அரசராகவோ இருக்கும்போது, நள்ளிரவில் காரணமின்றி வீறிடும் பிள்ளையைப் பாடுவது எளிதன்று போலும். அந்தக் குறையை நம் பெண்களின் வாய்மொழித் தாலாட்டு தீர்த்து வைத்தது. மாமன், அத்தை, பாட்டி என உறவினரை ஒவ்வொருவராக அழைத்து, குழந்தையை அழவைத்தவர் யார் என்று அது விசாரிக்கிறது. விடை வருவதில்லை, விசாரணையே பாட்டாகிவிடுகிறது.

அந்த விசாரணையைப் பாட்டிமாரும் வைத்தியர்களும் தத்தம் வழியில் நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் விடையைத் தேடியது ஒரே இடத்தில்தான்: குழந்தையின் உடலில், குறிப்பாக அதன் தலையிலும் கழுத்திலும். இரு வேறு உலகங்களில், ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த அத்தகைய இரண்டு மரபுகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயல்கிறோம். ஒன்று, போடிநாயக்கனூரிலும் அதன் தலைக்கு மேல் எழும் ஏலமலைச் சரிவுகளிலும் இன்றும் வழங்கும் ‘உரம் எடுத்தல்’. மற்றது, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வேர்கொண்டு இலண்டன் வரை பரவிய ‘கிரேனியல் ஆஸ்டியோபதி’ என்னும் கபாலத் தொடுசிகிச்சை.

உரம் விழுந்த பிள்ளை

பிறந்து ஓரிரு மாதமான குழந்தை ஓயாமல் அழுகிறது. பால் குடிக்க மறுக்கிறது. தூக்கினால் அழுகை கூடுகிறது. மதுரை, தேனி வட்டாரத்துப் பாட்டி ஒருத்தி இதைக் கண்டால் முதலில் சொல்வது, ‘பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கும்’ என்பதே. கழுத்து நிற்காத குழந்தையைச் சரியாகத் தாங்காமல் தூக்கியதால் கழுத்திலோ தோளிலோ முதுகிலோ ஏற்பட்ட பிசகையே உரம் என்கிறார்கள். ‘உரம்’ என்ற சொல்லுக்கு வலிமை, மார்பு என்னும் பொருள்களையே இலக்கியத்தில் கண்டு பழகிய நமக்கு இந்த வழக்கு வியப்பளிக்கும்.

அதற்குரிய வைத்தியமும் எளிது. பழஞ்சேலை ஒன்றின் நடுவே குழந்தையைக் கிடத்தி, இருவர் இருபுறமும் துணியைப் பற்றிக்கொண்டு, குழந்தை இப்பக்கமும் அப்பக்கமுமாக மெல்ல உருளும்படி துணியை ஏற்றி இறக்குவர். கைராசி உள்ள மூதாட்டி ஒருத்தி ஊரில் இருந்தால், தாய் அவளிடம் பிள்ளையைக் கொண்டுசெல்வாள். எண்ணெய் தொட்டுக் கழுத்தையும் முதுகையும் நீவிவிடுதல் உண்டு. அழுகைக்குக் காரணம் வயிறு என்று தோன்றினால் ‘குடல் ஏற்றம்’ என்று சொல்லி வயிற்றைத் தடவுதல் உண்டு. நாள்தோறும் நீராட்டும்போது காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, தலையை உருண்டையாகப் பிடித்துவிடுதல் உண்டு. நீராட்டிய பின் உச்சிக்குழியில் எண்ணெய் வைத்தல் உண்டு.

இவற்றோடு மருந்தும் சேரும். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பது பரவலான வழக்கம். அம்மருந்துக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும், இரவில் பெயரைச் சொல்லக்கூடாது என்ற அச்சத்தால் ‘பேர் சொல்லாதது’ என்றும் பெயர்கள் வந்ததைப் பலரும் அறிவர். சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கென்றே ‘பாலவாகடம்’ என்னும் தனித் துறை இருந்தது. மாந்தம், கணம், தோடம் எனக் குழந்தை நோய்களை அது வகை பிரித்தது. வடமொழியில் காசியப சங்கிதை, பேசத் தெரியாத குழந்தையின் நோவை அதன் நடத்தையிலிருந்து அறிவது எப்படி என்று விளக்க ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறது. தலைநோவுள்ள பிள்ளை தலையை ஓயாமல் அசைக்கும், கண்ணை மூடிக்கொள்ளும், உறங்காது என்பது அதன் கூற்று. நேபாளத்தில் கிடைத்த சிதைந்த சுவடியிலிருந்து அந்நூல் 1938இல்தான் அச்சேறியது. ஆயினும் அது எழுப்பிய வினாவை எழுத்தறியாத பாட்டிகளும் காலங்காலமாக எழுப்பி வந்திருக்கிறார்கள்: வாய் சொல்லாததை உடல் எப்படிச் சொல்கிறது?

கிர்க்ஸ்வில்லில் ஒரு மண்டையோடு

இனி மற்ற மரபைப் பார்ப்போம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அமெரிக்க எல்லைப்புறத்தில் வைத்தியம் பார்த்தவர். 1864ஆம் ஆண்டு அவருடைய வீட்டில் மூன்று குழந்தைகள் மூளைக்காய்ச்சலுக்குப் பலியாயின. அக்காலத்து அமெரிக்க வைத்தியம் அறிந்திருந்தவை பெரும்பாலும் பாதரச உப்புகளும், பேதி மருந்துகளும், சாராயமும், அபினியும். தாம் கற்ற மருத்துவம் தம் பிள்ளைகளைக் காக்கவில்லை என்ற துயரம் அவரை வேறு வழி தேடச் செய்தது. எலும்புகளின் அமைப்பு ஒழுங்காக இருந்தால் உடல் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த எண்ணம் தமக்குத் தெளிந்த ஆண்டாக அவர் குறிப்பிடுவது 1874. 1892இல் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் அவர் பள்ளி தொடங்கினார். எலும்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆஸ்டியோபதி’ என்ற பெயரையும் அவரே அமைத்தார்.

அப்பள்ளியின் மாணவருள் ஒருவர் வில்லியம் கார்னர் சதர்லாந்து. பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவர். 1900இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது, எலும்பு எலும்பாகப் பிரித்துக் காட்சிக்கு வைத்திருந்த ஒரு மண்டையோடு அவர் கண்ணில் பட்டது. பொட்டெலும்பின் விளிம்பு மீனின் செவுளைப் போலச் சாய்வாகச் சீவப்பட்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. செவுள் மூச்சுக்காக அசைவது. அப்படியானால் கபால எலும்புகளும் ஏதோ ஒரு மூச்சுக்காக அசைகின்றனவோ? இந்த ஓர் உவமையிலிருந்து ஒரு சிகிச்சை முறையே பிறந்தது என்றால் மிகையாகாது. உவமை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

சதர்லாந்து பல ஆண்டுகள் தம் தலையையே சோதனைக்கூடம் ஆக்கிக்கொண்டார். வார்களாலும் பட்டைகளாலும் கபாலத்தை ஆங்காங்கே இறுக்கி, தமக்கு நேர்ந்த மாற்றங்களைக் குறித்தார். 1939இல் ‘கபாலக் கிண்ணம்’ என்று பொருள்படும் தலைப்பில் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். கபால எலும்புகளின் நுண்ணிய அசைவு, மூளைத் தண்டுவட நீரின் ஏற்ற இறக்கம், அதன் தாளத்தை விரல்நுனியால் உணரும் பயிற்சி ஆகியவை அவர் கோட்பாட்டின் தூண்கள். 1954இல் அவர் இறந்தபின் மாணவர்கள் அதைக் குழந்தைகளிடம் விரிவாகக் கொண்டுசென்றனர். பிறப்பின்போது தலை நெருக்குண்டதால் ஏற்பட்ட இறுக்கமே அழுகைக்கும் உறக்கமின்மைக்கும் காரணம் என்பது அவர்களின் விளக்கம். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆஸ்டியோபதி முறைப்படுத்தப்பட்ட தொழிலாயிற்று. அங்கே பேறுகாலத்துக்குப் பின் உறங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இச்சிகிச்சையாளரிடம் செல்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று.

சிகிச்சை நடக்கும் விதம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அரையிருளும் அமைதியும் உள்ள அறை. குழந்தையின் பிடரிக்கு அடியில் ஒரு கை. உச்சியிலோ இடுப்பிலோ மற்றொரு கை. அழுத்தமோ முறுக்கலோ இல்லை; ஒரு நாணயத்தின் எடையளவே தொடுகை. அவர் பிறப்பின் நெருக்கடி என்கிறார். போடியின் பாட்டி தூக்கியவரின் கவனக்குறைவு என்கிறார். பிசகியது எலும்பா தசையா என்பதில் வேறுபாடு. பிசகு உண்டு, அதைக் கை அறியும், கை தீர்க்கும் என்பதில் இருவரும் ஒன்று.

அழுகைக்கு ஒரு கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் சிலர் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அழுகையையே அளந்து பார்க்கத் தொடங்கினர். 1954இல் வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், நாளுக்கு மூன்று மணிக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழும் நலமான குழந்தையை வரையறைக்குள் கொண்டுவந்தனர். 1962இல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் எண்பது தாய்மார் எழுதிய நாட்குறிப்புகளைத் தொகுத்தார். நலமான குழந்தைகளின் அழுகை பிறந்த சில வாரங்களில் கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் நாளுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணியை எட்டி, பின்னர் தானே இறங்குவதை அது காட்டியது. மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

இந்த வளைகோட்டைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். அழுகை தாங்க முடியாத உச்சத்தை அடையும் நாளில்தான் பெற்றோர் உதவி தேடிப் புறப்படுகிறார்கள். உச்சத்துக்குப் பின் இறக்கமே இயல்பு. ஆகவே அன்று செய்யப்பட்டது எதுவாயினும், துணியில் உருட்டினாலும், வசம்பு உரைத்தாலும், கபாலத்தில் கை வைத்தாலும், ஓரிரு வாரத்தில் பயன் தெரியும். பயனைக் கண்ட தாயின் சாட்சியம் பொய்யன்று. அவள் கண்டதைத்தான் சொல்கிறாள். ஆனால் அந்தச் சாட்சியம் காலத்துக்குச் சேரவேண்டிய புகழைக் கைக்குக் கொடுத்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைராசி என்ற சொல் இவ்வாறே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தப் புகழை முறைப்படி பிரித்துப் பார்க்கும் முயற்சிகளும் நடந்தன. 2006இல் பிரிட்டனில் ஹேடன், முல்லிங்கர் ஆகிய இருவர், ஓயாமல் அழும் 28 குழந்தைகளிடம் கிரேனியல் ஆஸ்டியோபதியைச் சோதித்தனர். நான்கு வாரங்களில் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் அழுகை 63 சதவீதமும், பெறாத குழந்தைகளின் அழுகை 23 சதவீதமும் குறைந்தன. எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் எந்தக் குழந்தை சிகிச்சை பெற்றது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். அழுகையைக் கணக்கெழுதியவர்களும் அவர்களே. 2012இல் காக்ரேன் மதிப்பாய்வு, குழந்தை அழுகைக்கான கைச்சிகிச்சைகள் பற்றிய ஆறு ஆய்வுகளை, 325 குழந்தைகளை, ஒருங்கே ஆராய்ந்தது. மொத்தமாகப் பார்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் அழுகை குறைந்ததாகத் தெரிந்தது. சிகிச்சை நடந்ததா இல்லையா என்பது பெற்றோருக்குத் தெரியாத ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. கபாலத்தின் தாளத்தை விரலால் எண்ணுவது பற்றிய சோதனைகளிலும், ஒரே ஆளைத் தொட்ட இரு சிகிச்சையாளர்களின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. செவுள் உவமை அழகானது. ஆனால் அது காட்டிய அசைவு மெய்ப்பிக்கப்படவில்லை.

உரம் எடுத்தலை எவரும் இப்படி அளந்ததாக நாம் அறியோம். அளந்தால் அதற்கும் இதே தீர்ப்புக் கிடைக்கும் என்று எண்ணவே இடமிருக்கிறது.

எனினும், கைக்கு ஒரு பயனும் இல்லை என்று முடித்துவிடவும் முடியாது. 1986இல் மான்ட்ரீலில் ஹன்சிக்கர், பார் ஆகியோர் 99 தாய் சேய்களிடம் நடத்திய ஆய்வில், அழாத நேரத்திலும் குழந்தையைக் கூடுதலாகத் தூக்கிவைத்திருந்தால் ஆறாவது வாரத்தில் அழுகை 43 சதவீதம் குறைவதாகக் கண்டனர். போட்ஸ்வானாவின் கங் சான் மக்கள் குழந்தையை எப்போதும் உடலோடு சேர்த்துச் சுமப்பவர்கள். அவர்களிடமும் அழுகையின் அதே ஏற்ற இறக்கம் காணப்பட்டது. ஆனால் ஒவ்வொரு அழுகையும் சுருக்கமாக முடிந்தது. ஆக, ஆற்றும் ஆற்றல் தொடுகைக்கு ஓரளவு உண்டு. அது உச்சியின் எந்தப் பொருத்தில் விரல் வைக்கிறோம் என்பதைப் பொறுத்ததன்று. எவ்வளவு நேரம், எத்தனை பேர், எவ்வளவு பொறுமையோடு குழந்தையை ஏந்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் லெபோயே கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கண்டு, 1976இல் ‘சாந்தலா’ என்று அவள் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். மேலைநாடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் கலை பரவ அது பெருங்காரணம் ஆயிற்று. நம் வீட்டு முற்றத்தின் வழக்கம் உலகம் சுற்றிய கதை அது.

உச்சிக்குழி சொல்லும் எச்சரிக்கை

இவ்விரு மரபுகளையும் அன்போடு பார்க்கும் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உச்சிக்குழி என்பது எலும்புகள் இன்னும் கூடாத மென்மையான இடம். முன்னது பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும். அது புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாம். குழிந்திருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். மெக்சிகோவிலும் உச்சிக்குழி விழுவதை ஒரு நோயாகக் கருதி, குழந்தையின் அண்ணத்தை விரலால் உயர்த்தும் வைத்தியம் உண்டு. பேதியால் நீர் வற்றிய குழந்தைக்குத் தேவையானது விரலன்று. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும், மருத்துவமனையும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், பால் அறவே குடியாமை, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வலிப்பு, துவண்டு கிடத்தல், வழக்கத்துக்கு மாறான கூரிய வீறிடல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உரம் எடுப்பவரைத் தேடும் நேரம் அன்று. கழுத்து நிற்காத பிள்ளையை வேகமாகக் குலுக்குவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் உயிருக்கே தீங்காகலாம். ஸ்டில்லின் வீட்டில் மூன்று பிள்ளைகளைக் கொன்ற நோய்க்கு அவர் காலத்தில் மருந்தில்லை. அந்த இயலாமையிலிருந்து அவருடைய மரபு பிறந்தது. இன்று அதே நோய்க்கு மருந்துண்டு. தொடுசிகிச்சையின் பேரால் அம்மருந்து தாமதமாகுமானால், அது அவர் துயரத்துக்கே இழைக்கும் துரோகம்.

மலை ஏறும் தாய்மார்

இனி மீண்டும் போடிக்கு வருவோம். ஏலக்காய் விளைவது மலைமேல். விலை பேசப்படுவதும் தரம் பிரிக்கப்படுவதும் அடிவாரத்தில். போடிமெட்டு வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கேரளத்து இடுக்கி மாவட்டத் தோட்டங்கள். 1956இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன; வேலைக்குப் போகும் கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கத்திலேயே தங்கிவிட்டன. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகின்றன. ஏலச்செடியின் காய்க்கொத்து தரையை ஒட்டிப் படர்வது. குனிந்தும் அமர்ந்தும் விரல்நுனியால் பழுத்த காயை மட்டும் தேர்ந்து பறிக்கவேண்டும். பிசகாத விரலுணர்வு வேண்டும் தொழில் அது.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வாரக் குழந்தை இருக்குமானால் அவள் நிலை என்ன? இரவெல்லாம் அழும் பிள்ளையோடு விழித்திருந்தவள் விடியுமுன் ஜீப்பைப் பிடிக்க இயலாது. பிடிக்காத நாளுக்குக் கூலி இல்லை. உரம் எடுக்கும் பாட்டியை அவள் நாடுவதில் அறியாமை மட்டும் இருப்பதாக நினைப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறியவர். நாளைக்குள் பிள்ளை ஆறவேண்டும் என்பது அவளுடைய தேவை. காலம் ஆற்றும் என்று மருத்துவர் சொல்வது மெய்யே. அந்தக் காலத்துக்கு யார் கூலி கொடுப்பது?

சட்டம் இதை அறியாமலில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1981இல் வந்த திருத்தம் ஏலத்தையும் அச்சட்டத்தின் வரம்புக்குள் சேர்த்தது. ஆனால் ஏலமலையில் சிறு தோட்டங்கள் மிகுதி. நாளொரு தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் தினக்கூலிப் பெண்ணுக்கு அந்தக் காப்பகம் எட்டுவது அரிது. தமிழக அரசு 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம், பேறுகாலத்தில் ஏழைப் பெண் இழக்கும் கூலியை ஈடுசெய்யும் நோக்கம் கொண்டது. தொடங்கியபோது முந்நூறு ரூபாயாக இருந்த உதவி பின்னர் பதினெட்டாயிரம் வரை உயர்ந்தது. அழுகையின் வரலாற்றில் சதர்லாந்தின் நூலைவிட இந்தத் திட்டத்துக்கு முக்கியத்துவம் கூடுதல் என்பது நம் கருத்து. தாய் வீட்டில் இருக்கக்கூடிய ஒவ்வொரு நாளும் குழந்தையை ஏந்துவதற்கு இரண்டு கைகளைக் கூட்டித் தருகிறது.

இலண்டனில் பாட்டியோ அண்டை வீட்டாரோ அருகில்லாத இளம் பெற்றோர், ஓர் அமைதியான அறையில் அரைமணி நேரம் பொறுமையாகக் குழந்தையை ஏந்தும் இரு கைகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள். போடியில் பாட்டி அதைப் பணமின்றிச் செய்கிறாள். ஆனால் பகலெல்லாம் அவள் ஒருத்தியே செய்யவேண்டியிருக்கிறது. இரு இடங்களிலும் குறைவாக இருப்பது ஒன்றே. கபாலத்தின் தாளமும் கழுத்தின் உரமும் அதற்கு வைத்த பெயர்கள்.

‘உன்னை அழவைத்தவர் யார்’ என்ற தாலாட்டின் வினாவுக்கு உடற்கூற்றியல் இன்றுவரை முழு விடை தரவில்லை. பாடியவளுக்கும் விடை தெரியாது. மாமனும் அத்தையும் பாட்டியும் தன் பாட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. குழந்தையை மாற்றி மாற்றி ஏந்த வேண்டியவர்களின் பட்டியல்தான் அது.